தேங்காய் ஓட்டு கார்பன்: மூட்டையில் போடாத எண்

பாரிமுனை கெமிக்கல் கடைகளில் 25 கிலோ மூட்டையாகக் கிடைக்கும் 8×30 மெஷ் (குருணை அளவு) தேங்காய் ஓட்டு ஆக்டிவேட்டட் கார்பனுக்கு அயோடின் எண்தான் (ஒரு கிராம் கார்பன் எத்தனை மி.கி. அயோடினை ஈர்க்கும் என்ற அளவு) ஒரே விளம்பரம்: 900, 1000, 1100. கழிவுநீரில் உள்ள மருந்து எச்சங்களை நீக்க, மருத்துவமனை எஸ்டிபிக்கோ (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆலத்தூர் மருந்துத் தொழிற்சாலைக்கோ வாங்குகிறவர்களுக்கு அது போதாது. கார்பனின் மேற்பரப்பில் மின்சுமை எந்த பி.எச்.சில் பூஜ்யமாகிறது என்று தெரிய வேண்டும். கடையில் கேட்டால் விழிப்பார்கள், நாமே அளந்துகொள்ளலாம்.

கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டரில் 0.58 கிராம் சோடியம் குளோரைடைக் கரையுங்கள். 50 மி.லி. வீதம் பாட்டில்களில் பிரித்து, பி.எச். 3 முதல் 11 வரை வைத்து, ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கார்பன் போட்டு மூடி 24 மணி நேரம் குலுக்குங்கள். எந்த பாட்டிலில் பி.எச். நகரவில்லையோ அதுதான் பூஜ்யப் புள்ளி. நீராவியில் தூண்டிய தேங்காய் ஓட்டு கார்பனில் இது பெரும்பாலும் காரப் பக்கம் இருக்கும். பாஸ்பாரிக் அமிலத்தில் தூண்டிய மரக்கரியில் அமிலப் பக்கம்.

வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கின் பி.கே.ஏ. (அதன் மூலக்கூறுகளில் பாதி அயனியாகும் பி.எச்.) சுமார் 4.2. அதனால் 7.5 பி.எச். கழிவுநீரில் அது முழுக்க எதிர்மின் அயனிதான். பூஜ்யப் புள்ளிக்குக் கீழான பி.எச்.சில் கார்பன் நேர்மின்சுமை ஏற்கும், மேலான பி.எச்.சில் எதிர்மின்சுமை. அதனால் பூஜ்யப் புள்ளி 9 உள்ள கார்பன் அந்த நீரில் நேர்மின்சுமையோடு நின்று அதை இழுக்கும். புள்ளி 5 உள்ளது தள்ளும். அயோடின் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்! இபுப்ரோஃபெனுக்கும் இதே கணக்கு. வலிப்பு மருந்தான கார்பமசெபைன் கழிவுநீரில் காணும் எந்த பி.எச்.சிலும் மின்சுமை ஏற்காது, நன்றாகவே ஒட்டும். நீரில் நேர்மின் அயனியாக இருக்கும் சர்க்கரை நோய் மருந்து மெட்ஃபார்மினுக்கு இந்தக் கார்பனை நம்ப வேண்டாம்.

புதுக் கார்பன் படுகையிலிருந்து முதலில் வெளிவரும் நீரின் பி.எச். 9-ஐத் தாண்டலாம். வெளியேற்றும் நீரின் பி.எச்.சுக்கு மேல் வரம்பு உண்டு என்பதால் அது சிக்கல். மின்சுமை இழுப்பும் அப்போது குறையும். ஓர் இரவு ஊறவைத்து, உள்வரும் நீரின் பி.எச்.சோடு வெளிநீர் ஒத்துவரும்வரை பேக்வாஷ் (கீழிருந்து மேலாக நீர் விட்டுக் கழுவுதல்) செய்யுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய ரகம் கிடைத்தால் இந்தத் தொல்லை குறைவு. நைட்ரிக் அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்ததை வாங்காதீர்கள். பூஜ்யப் புள்ளி கீழே இறங்கிவிடும்.

பி.எச். 3-ல் 99% நீக்கம் என்று ஆய்வறிக்கை காட்டினால் கார்பன் போடாத பாட்டிலின் அளவையும் கேளுங்கள். அந்த பி.எச்.சில் டைக்ளோஃபெனாக் பெருமளவு கரையாமல் தானே படிந்துவிடலாம், பெயர் கார்பனுக்குப் போகும்.

நீரையே அமிலமாக்கிவிடலாமே என்றால், காரத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. உள்ள 100 கிலோலிட்டர் நீருக்கு நாளொன்றுக்குக் கந்தக அமிலம் மட்டும் சுமார் 30 கிலோ. வெளியேற்றுமுன் அமிலத்தை நடுநிலையாக்கக் காஸ்டிக் சோடா வேறு. அந்தப் பணத்தில் படுகையைப் பெரிதாக்கி, தொடுநேரத்தை (நீர் கார்பனோடு இருக்கும் நேரம்) 10 நிமிடத்திலிருந்து 20 ஆக்கலாம்.