பினோ நுவாரா, சோலாரிஸா? குளிர்ப்பகுதித் திராட்சையில் மருந்தைக் குறைக்கும் இரு வழிகள்

ரசாயனம் இல்லாத ஒயின் என்று பேச்செடுத்தாலே ஒயின் கெடாமலிருக்கச் சேர்த்துப் பாட்டிலுக்குள் இருக்கும் சல்ஃபைட்டைப் பற்றித்தான் விவாதம் தொடங்குகிறது. கணக்குப் பார்த்தால் அது சில்லறை. மழையும் குளிரும் உள்ள பகுதியில் பூசண நோய்களுக்கான மருந்து பெருமளவில் செலவாவது தோட்டத்தில். எவ்வளவு செலவாகும் என்பது எந்த ரகத்தை நடுகிறோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஒரு பக்கம் பினோ நுவார், ஷார்டனே, ரீஸ்லிங் போன்ற பழைய ஐரோப்பிய ரகங்கள். செயற்கை மருந்துகளை விலக்கி, தாமிரத்தையும் கந்தகத்தையும் மட்டும் நம்பி வளர்ப்பது இந்த வழி. மறுபக்கம் ரீஜெண்ட், சோலாரிஸ், ரோண்டோ, சூவின்யே க்ரி போன்ற நோய் எதிர்ப்பு ரகங்கள். அமெரிக்க, ஆசியக் காட்டுத் திராட்சைகளின் எதிர்ப்புத் திறனை ஐரோப்பியத் திராட்சையோடு கலந்து உருவாக்கியவை இவை.

பழைய ரகங்களின் பலவீனத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சாம்பல் நோய் 1845இல் இங்கிலாந்திலும், அடிச்சாம்பல் நோய் 1878இல் பிரான்சிலும் கண்டறியப்பட்டன. இரண்டுமே வட அமெரிக்காவிலிருந்து வந்த பூசண நோய்கள். ஐரோப்பியக் கொடி அதற்குமுன் அவற்றைச் சந்தித்ததே இல்லை. 1885இல் தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை கைக்கு வந்த பிறகுதான் விவசாயிகள் மூச்சுவிட்டார்கள்.

அந்தக் கலவையின் தாமிரம் இலைக்குள் இறங்காது, மேலே படிந்தே நிற்கும். கொடி வேகமாக வளரும் பருவத்தில் மருந்து அடித்த பின் விரியும் இலைகளுக்குப் பாதுகாப்பு கிடையாது. பலத்த மழை பெய்தால் முன்பு அடித்ததும் கழுவிப் போய்விடும். அடிச்சாம்பல் நோய்க்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: வெப்பநிலை 10 டிகிரி, மழை 10 மில்லிமீட்டர், தளிர் 10 சென்டிமீட்டர். மூன்றும் கூடினால் முதல் தொற்றுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். சில நாட்கள் கழித்து இலையின் மேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளி தெரியும். இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும். தாமிரம் நோயைத் தடுக்குமே தவிர, வந்த நோயைக் குணப்படுத்தாது.

சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத்தின் சிக்கல் வேறு. அது ஆவியாகிச் செயல்பட வெதுவெதுப்பு வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே வேலை மந்தமாகிவிடும். குளிர்ப்பகுதியில் இதைவிட எரிச்சலூட்டும் குணம் ஒரு மருந்துக்கு இருக்க முடியாது! ஆகவே ஈரமான ஆண்டில் பத்து முறைக்கு மேல் மருந்து அடிப்பது சாதாரணம். டிராக்டர் ஒவ்வொரு முறை போகும்போதும் மண் இறுகும், டீசல் எரியும். தாமிரமோ மண்ணில் சிதைவதில்லை, ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். மண்புழுக்களுக்கு அது ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான். 'இயற்கை முறை' என்ற முத்திரை இருந்தும் பினோ நுவார் தோட்டம் மருந்துக் கூடமாகவே இருப்பது எனக்கு உறுத்தல்.

எதிர்ப்பு ரகத்தின் இலையில் பூசணம் நுழைந்தால், அந்த இடத்துச் செல்கள் தாமாகவே மடிந்து அதற்கு உணவில்லாமல் செய்துவிடும். சிறு பழுப்புப் புள்ளியோடு கதை முடிந்துவிடும். பூக்கும் பருவத்தை ஒட்டி இரண்டு மூன்று முறை மருந்து அடித்தால் பெரும்பாலும் போதும். அதையும் நிறுத்திவிடும் ஆசை வரும், நிறுத்தக் கூடாது. மற்ற நோய்களுக்கு அடித்த மருந்திலேயே அடங்கியிருந்த கருப்பு அழுகல் என்ற பூசண நோய் தலைதூக்கும். ஒற்றை எதிர்ப்பு மரபணுவை மீறும் பூசண வகைகளும் உண்டு. பியாங்கா என்ற எதிர்ப்பு ரகத்தில் அது நடந்தேவிட்டது. நடும்போது ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் உள்ள ரகமா என்று நாற்றங்காலில் கேட்டுவிடுவது நல்லது.

குறைகள் இத்துடன் முடியவில்லை. சோலாரிஸும் ரோண்டோவும் சீக்கிரம் துளிர்த்து உறைபனியிடம் மாட்டிக்கொள்ளும். சோலாரிஸின் இனிப்புக்குக் குளவிகள் படையெடுக்கும். இந்த வகைச் சிவப்புத் திராட்சைகளில் நிறம் அள்ளும், துவர்ப்பைத் தரும் டானின் மெலிந்திருக்கும். பழத்தின் புரதங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒரு காரணம். வாங்குபவருக்கு ரகத்தின் பெயரே தெரியாது என்பது தனித் தலைவலி. ஆனாலும் நிலைமை மாறுகிறது. பிரான்சின் புகழ்பெற்ற ஷாம்பெய்ன் பகுதியே வோல்டிஸ் என்ற எதிர்ப்பு ரகத்தைச் சோதனை அளவில் அனுமதித்திருக்கிறது.

ஓரிருவர் மட்டும் உழைக்கும் ஒரு ஹெக்டேர் தோட்டம் என்றால், வெள்ளை ஒயினுக்கும் நுரை ஒயினுக்கும் தயங்காமல் எதிர்ப்பு ரகம் என்பேன். சிவப்பு ஒயினில் எனக்கு இன்னும் முழு திருப்தி வரவில்லை. காற்று வீசி இலைகள் சீக்கிரம் உலரும் சரிவு இருந்தால் மட்டும், குலையைச் சுற்றி இலைகளைக் கையால் கிள்ளும் பொறுமையும் இருந்தால், சில வரிசை பினோ நுவார் வைக்கலாம். களைக்கு இரண்டு வழியிலும் ஒரே விடைதான்: இளம் கொடிகளைச் சுற்றிக் கொத்திவிட வேண்டும், வளர்ந்த பின் புல்லை வெட்டினால் போதும்.

இனி ஒயின் கூடம். தோட்டத்தில் வஞ்சித்த குளிர் இங்கே கைகொடுக்கிறது, ஏனென்றால் பழத்தில் அமிலம் அதிகம். அமிலத்தைக் காட்டும் பி.எச். எண் குறைந்தால் அமிலத்தன்மை கூடுதல் என்று பொருள். பி.எச். 3.0 உள்ள வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 13 மில்லிகிராம் கட்டற்ற (வேறு பொருளோடு பிணையாத) சல்ஃபைட் தரும் பாதுகாப்புக்கு, 3.5இல் சுமார் 40 வேண்டும். சர்க்கரை ஏறட்டும் என்று சோலாரிஸைக் கொடியிலேயே விட்டால் அமிலம் சரிந்து இந்த லாபம் போய்விடும். காட்டு ஈஸ்டா, பாக்கெட் ஈஸ்டா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பழம் சுத்தமாக இருந்தால் முதலாவது, அழுகல் கலந்திருந்தால் இரண்டாவது.

சல்ஃபைட்டை அறவே தவிர்ப்பது பற்றி மட்டும் கறாராக இருக்கிறேன். சல்ஃபைட் இல்லாத ஒயினில் வரக்கூடிய எலி வாடை என்ற கோளாறு கோப்பையை முகர்ந்தால் தெரியாது. விழுங்கியபின் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்ததும் வாயில் எழும். விற்பனைக்குப் போன பிறகு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. சிவப்பு ஒயினில் மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறி முடியும்வரை சல்ஃபைட்டைத் தொடாமல் இருந்து, பிறகு ஒரே முறை சேர்க்கலாம். வெள்ளையில் பி.எச். 3.2க்குக் கீழே அந்த மாற்றம் நடப்பது கடினம். அதை எதிர்பார்த்து வசந்தகாலம்வரை பாதுகாப்பில்லாமல் வைத்திருப்பதைவிட, சிறிதளவு சல்ஃபைட் சேர்த்து, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பாட்டிலில் அடைப்பதே மேல்.