ஆக்சஸிபிலிட்டி வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு: என்விடிஏ ரிவ்யூ

வெப் ஆக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பது) பக்கம் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன், எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், திரையில் இருப்பதைப் பேச்சாக வாசிக்கும் என்விடிஏ மென்பொருளை இறக்கி நிறுவுங்கள், நீங்கள் தினமும் போகிற தளங்களையே கொஞ்ச நாள் காதால் கேட்டுப் பாருங்கள். டெஸ்டிங் கற்க வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பார்வையில்லாமல் நாள் முழுக்க இதைப் பயன்படுத்துகிறவர்களின் அனுபவம் வேறு, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என்விடிஏ விண்டோஸுக்கான இலவச ஸ்கிரீன் ரீடர், ஓப்பன் சோர்ஸ். ஆஸ்திரேலியாவில் 2006-ல் மைக்கேல் கரன் எழுத ஆரம்பித்தார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். டவுன்லோட் பக்கத்தில் நன்கொடை கேட்பார்கள். முடிந்தவர்கள் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் கிடைப்பது அதே முழு மென்பொருள்தான். ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவ அனுமதி இல்லை என்றால் போர்ட்டபிள் காப்பி ஒன்றைப் பென்டிரைவில் வைத்தே ஓட்டலாம். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர்தான் இதற்கு நேர் போட்டி. வெப்எய்ம் என்ற ஆக்சஸிபிலிட்டி அமைப்பு 2023 கடைசியில் தொடங்கி 2024 ஜனவரியில் முடித்த சர்வேயில் முதன்மை ஸ்கிரீன் ரீடராக ஜாஸைச் சொன்னவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏவைச் சொன்னவர்கள் 37.7 சதவீதம். அதாவது நீங்கள் பழகப்போவது நிஜமாகவே மக்கள் கையில் இருக்கிற கருவி.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், டபிள்யூசிஏஜி எனும் வெப் ஆக்சஸிபிலிட்டி விதிகளை மட்டும் படித்தால் தலையில் நிற்காது. 1.3.1, 4.1.2 என்று எண்களாகவே ஓடும். என்விடிஏவை ஓடவிட்டு ஒரு பக்கத்தில் எச் விசையைத் தட்டுங்கள், ஹெட்டிங் ஹெட்டிங்காகத் தாவும். கே என்றால் லிங்க், பி என்றால் பட்டன், எஃப் என்றால் ஃபார்ம் ஃபீல்டு, டி என்றால் லேண்ட்மார்க் (மெனு, முக்கிய உள்ளடக்கம் மாதிரி பக்கத்தின் பெரும் பகுதிகள்). பெரிய எழுத்தில் கொட்டை கொட்டையாகத் தலைப்பு தெரிகிற ஒரு செய்தித் தளத்தில் எச் தட்டினால் அடுத்த ஹெட்டிங்கே இல்லை என்று சொல்லும்போது, டிவ்வுக்கு (தனக்கென்று அர்த்தம் எதுவும் இல்லாத எச்டிஎம்எல் பெட்டி) வெறும் ஸ்டைல் கொடுத்துத் தலைப்பு மாதிரி காட்டியிருக்கிறார்கள் என்பது உடனே புரிந்துவிடும். லேபிள் இல்லாத பெட்டிக்குப் போனால் "எடிட், பிளாங்க்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும், அதில் பெயர் போடவேண்டுமா, ஆதார் எண் போடவேண்டுமா என்று கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? டிவ்வில் செய்த போலி பட்டனை "கிளிக்கபிள்" என்று வாசிக்கும், ஆனால் டேப் விசையால் அங்கே போகவே முடியாது. இதையெல்லாம் காதால் கேட்டவருக்கு 4.1.2 (பட்டன், பெட்டி எதுவானாலும் அதன் பெயரும் வகையும் கோடில் இருக்க வேண்டும் என்ற விதி) என்ன கேட்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

டெஸ்டருக்கு இதில் இன்னொரு நல்ல விஷயம் ஸ்பீச் வியூவர். டூல்ஸ் மெனுவில் இருக்கிறது, பேசுவதையெல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் எழுத்தாகவும் காட்டும். அதை அப்படியே காப்பி செய்து பக் ரிப்போர்ட்டில் போட்டுவிடலாம், டெவலப்பரிடம் வாக்குவாதம் பாதி குறையும். இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் லிங்க், ஹெட்டிங், பட்டன் எல்லாம் பட்டியலாக வரும். "மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க" என்று, எது எங்கே போகும் என்றே தெரியாமல் லிங்குகள் வரிசையாக நிற்பதை அங்கே பார்க்கலாம்.

தமிழ் எப்படி என்றால், ஓரளவு நன்றாகவே இருக்கிறது. கூடவே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் உண்டு, ஆனால் ரோபோ தொனி, முதலில் காது கூசும். விண்டோஸின் தமிழ் மொழித் தொகுப்பில் இருக்கிற வள்ளுவர் குரலைச் சேர்த்துக்கொண்டால் கேட்க எவ்வளவோ மேல். ஆனால் குரல் இருந்து மட்டும் போதாது, பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் லாங் ஆட்ரிபியூட் (மொழியைக் குறிக்கும் lang குறிப்பு) போட்டிருந்தால்தான் மொழி தானாகச் சரியாக மாறும். யூனிகோடு அல்லாத பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் இருக்கிற பக்கங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் கேட்கும். ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை பிடிஎஃப்களில் வாசிக்க ஒன்றுமே இருக்காது. தமிழ் தெரிந்த டெஸ்டர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விஷயங்கள் இவை.

குறைகளும் உண்டு. பக்கத்தில் விசைகளால் தாவ பிரவுஸ் மோடு, பெட்டியில் டைப் செய்ய ஃபோகஸ் மோடு என்று இரண்டு இருக்கிறது, அது பிடிபடும் வரை எச் அடித்தால் தாவாமல் பெட்டிக்குள் எழுத்தாக விழும், பலர் முதல் வாரத்திலேயே வெறுத்து மூடிவிடுவது இதனால்தான் (மாற்ற, இன்சர்ட்டும் ஸ்பேஸும்). பேச்சை நிறுத்த கன்ட்ரோல் விசை, இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எல்லாவற்றையும்விட முக்கியம், என்விடிஏ மட்டும் ஆக்சஸிபிலிட்டி ஆகிவிடாது. நிற வேறுபாடு போதாமை, கேப்ஷன் இல்லாத வீடியோ, கைநடுக்கம் உள்ளவர் தொடவே முடியாத குட்டி பட்டன், எதையும் இது சொல்லாது. கண் தெரிகிற நாம் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பதும் பார்வையற்றவர் பயன்படுத்துவதும் ஒன்றில்லை. அதற்குத்தான் ஸ்கிரீன் கர்ட்டன் வசதி இருக்கிறது, திரையைக் கறுப்பாக்கிவிட்டுப் பழகுங்கள், அப்படியும் அவர்களோடு உட்கார்ந்து டெஸ்ட் செய்வதற்கு அது ஈடாகாது.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, தன் கீழ் வரும் நிறுவனங்கள் ஐஏஏபி (ஆக்சஸிபிலிட்டி வல்லுநர்களின் சர்வதேச சங்கம்) சான்று பெற்றவர்களைக் கொண்டு தங்கள் தளங்களைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அந்தச் சான்றில் ஆரம்பப் படி சிபிஏசிசி, அதில் மாற்றுத்திறன் வகைகள், உதவிக் கருவிகள், சட்டங்கள் என்று எல்லாம் கலந்து வரும். அதற்கு அடித்தளமாக, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எடெக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தில் வைத்திருக்கிற அறிமுகக் கோர்ஸ் போதும், சான்றிதழ் வேண்டாம் என்றால் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் இன்டர்வியூவில் ஒரு ஃபார்மைத் திறந்து வைத்து, இதை டெஸ்ட் செய்து காட்டுங்கள் என்றால் கை பேச வேண்டும், அது என்விடிஏவோடு உட்கார்ந்தவருக்குத்தான் வரும்.

மேக் வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம், வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே இருக்கிறது, கமாண்டும் எஃப்5-ம் அழுத்தினால் பேசும். விசைகள் வேறு, ஆனால் ஹெட்டிங்கும் லேபிளும் எங்கே விடுபட்டிருக்கிறது என்பதை அதிலும் கேட்டே கண்டுபிடிக்கலாம். பின்னால் ஒரு விண்டோஸ் மெஷின் கிடைக்கும்போது என்விடிஏவுக்கு வாருங்கள்.