பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வீடு தேடி வந்த பிசியோதெரபி: எங்கள் அனுபவம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினொரு மாதம் ஆகிறது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு, அதனால் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. பித்த மயக்கம் என்று நினைத்து மதியம் வரை படுக்க வைத்திருந்தோம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், எங்களுக்கு அன்று அது தெரியாது. வாய் கோணினாலோ கை தூக்க வராவிட்டாலோ பேச்சு குழறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் தனியாரில் ஒருவரை வரவழைத்தோம். அவர் தினமும் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத்தான் அப்பாவை உட்கார வைப்பார். பத்தே நாளில் தோள்பட்டையில் அப்படி ஒரு வலி, தூங்கவே விடவில்லை.

அப்புறம்தான் 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பற்றி நினைவு வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். வந்த பிசியோதெரபிஸ்ட் மேடம் முதல் நாள் அரை மணி நேரம் அம்மாவுக்குத்தான் பாடம் எடுத்தார். தூக்கும்போது கையை இழுக்கக் கூடாது, இடுப்பைப் பிடிக்க வேண்டும். சட்டை போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசி. தண்ணீர் புரையேறுகிறது என்றதும், நிமிர்த்தி உட்கார வைத்துக் கெட்டியான கஞ்சியாகக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு தட்டில் கொண்டைக்கடலையைப் போட்டு, ஒவ்வொன்றாக இன்னொரு தட்டுக்கு அப்பாவை மாற்றச் சொன்னார், வலது கையால். முதல் நாள் மூன்று கடலை.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அப்பா தண்ணீர் கேட்க நினைத்து "சாவி, சாவி" என்பார், நாங்கள் அவர் எதிரிலேயே "ஒண்ணும் புரியல போல" என்று பேசிக்கொள்வோம். "ஐயாவுக்கு எல்லாம் புரியுது, வார்த்தைதான் மாறி வருது, அவரை வெச்சுக்கிட்டு இப்படிப் பேசாதீங்க" என்றார் மேடம். அப்பா உடனே அழுதுவிட்டார்.

இப்போது கம்பு ஊன்றித் திண்ணை வரை நடக்கிறார். விரல்கள் இன்னும் முழுசாக விரியவில்லை, செருப்பு கழன்று போனாலும் வலது காலுக்குத் தெரிவதில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று முன்பு அவரே நிறுத்திவிட்ட பிரஷர் மாத்திரையும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வருகிறது. தேவைப்படுகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், காசு எதுவும் கிடையாது.