எலும்புத் தூளுக்குப் பணம் கட்டும் முன் ஸ்டிக்கரைக் கேளுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் கட்டும் பல்) வைக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

அப்பாவுக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல் போன இடத்தில் எலும்பு கரையும். முதல் ஓராண்டிலேயே அகலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே திருப்பாதிரிப்புலியூர் கிளினிக் ஒன்றில் ‘எலும்பு வளர்த்துத்தான் ஸ்க்ரூ போட முடியும்’ என்றது நியாயமான பேச்சுதான். செய்த விதம்தான் அநியாயம். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள். அதில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது, அதற்கு சி.பி.சி.டி. ஸ்கேன் வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. எலும்பு வளர்வதற்காக வைக்கும் தூளையும் ஸ்க்ரூவையும் ஒரே நாளில் வைத்ததாகச் சொல்லி, தூளுக்கு மட்டும் 18,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள்.

சில மாதங்களில் ஸ்க்ரூ ஆடத் தொடங்கியது. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனில் எலும்பின் அகலம் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். ஸ்க்ரூவும் ஏறக்குறைய அதே பருமன். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் எலும்பு நிற்க வேண்டுமாம். இங்கே கன்னத்துப் பக்கம் ஸ்க்ரூவின் மரை எலும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தூள் வைத்த சுவடே இல்லை.

கிளினிக்கில் கேட்டால், “அது மாட்டு எலும்புத் தூள் சார், கரைந்திருக்கும்” என்றார்கள். அந்த வகை இத்தனை சீக்கிரம் கரையாது, ஆண்டுக்கணக்கில் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் என்றார் கோரிமேட்டு மருத்துவர். முட்டைகூடத் தொடாத அப்பாவிடம் மாட்டு எலும்பு என்று முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? செயற்கைக் கால்சியம் தூளும் இருக்கிறதே!

ஒரே நாளில் இரண்டையும் வைப்பதே தவறு என்று சொல்லவில்லை. இருக்கிற எலும்பே ஸ்க்ரூவை இறுகப் பிடித்தால் வைக்கிறார்கள். பிடிக்காது என்றால் முதலில் தூளை மட்டும் வைத்துவிட்டு நான்கு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும்.

தூள் குப்பியோடும் ஸ்க்ரூவோடும் நிறுவனப் பெயர், தொகுதி (பேட்ச்) எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். எங்கள் ரசீதில் ‘எலும்பு சிகிச்சை’ என்ற இரண்டே சொற்கள். ஸ்டிக்கரைக் கேட்டதற்கு, “அதையெல்லாம் யார் சார் எடுத்து வைப்பார்கள்?” என்று சிரித்தார் வரவேற்பில் இருந்தவர்.

இப்போது வேறு ஸ்க்ரூ இலவசமாகப் போடுகிறோம் என்கிறார்கள். அப்பா மறுத்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அடுத்த வாரம் மனுவைக் கொடுக்கிறோம்.