அம்பாசடர் டீசலுக்கு செராமிக் பிஸ்டன்: காரைக்குடி பட்டறை வேலை எப்படி?

எங்களுடையது அப்பச்சி காலத்து அம்பாசடர் டீசல். 1489 சிசி, புதிதாக வந்தபோதே 37 குதிரைசக்திதான். டிக்கி நிறையச் சீர்ச் சாமான் ஏற்றினால் மேம்பாலத்தில் செகண்ட் கியர் கேட்கும். காரைக்குடியில் ஒரு இன்ஜின் பட்டறையில், "பிஸ்டன் தலையில செராமிக் அடிச்சா சூடு வீணாப் போகாதுண்ணே, அத்தனையும் பவரா வரும்" என்றார்கள். நான்கு பிஸ்டனுக்கும் 12,000 ரூபாய். மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊராச்சே, இங்கேயே அடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூருக்கு அனுப்பி வாங்குகிறார்கள்.

வேலை சுத்தம். சிர்கோனியா என்ற செராமிக் பூச்சு ஏறும் கனத்துக்கு முன்பே பிஸ்டன் தலையைக் கடைந்து குறைத்திருந்தார்கள்; இல்லாவிட்டால் மேலே மூடியிருக்கும் ஹெட்டில் இடிக்கும். ஆனால் பவர்? அதே மேம்பாலம், அதே செகண்ட் கியர்.

இந்த இன்ஜினில் டீசல் முதலில் பற்றுவது பிஸ்டன் மேல் இல்லை, ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில். அந்த அறைச் சுவர் வழியாகவே நிறையச் சூடு ரேடியேட்டர் தண்ணீருக்குப் போய்விடுகிறது. பிஸ்டனில் மிச்சம் பிடித்த சூடும் பெரும்பாலும் சைலன்சர் வழியாக வெளியேறும். அதைப் பிடித்து வேலை வாங்க, வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ வேண்டும். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக கம்மின்ஸ் தண்ணீரே இல்லாத செராமிக் டீசல் இன்ஜினைச் சோதித்தபோதும் டர்போ வைத்துத்தான் ஓட்டினார்கள். பென்ஸ் 1976-இல் தன் சி111 சோதனைக் காரில் 80 குதிரைசக்தி டீசல் இன்ஜினை 190-க்குக் கொண்டுபோனதும் டர்போ, அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தயவில்தான். நம் வண்டியிலோ சூடான பிஸ்டன் உள்ளே வரும் காற்றை விரிய வைத்து, இருக்கிற காற்றையும் குறைக்கும். இதைப் பட்டறையில் சொன்னேன். "அப்ப டீசல் பம்பைக் கூட்டி வச்சிரவாண்ணே?" என்றார் தம்பி. வேண்டாம் என்றுவிட்டேன். காற்று கூடாமல் டீசலைக் கூட்டினால் கொஞ்சம் இழுக்கும்தான், கூடவே கரும்புகையும் வரும்.

சரி, அந்தப் பட்டறைக்கே போக வேண்டாமா? டீசலைப் பீய்ச்சும் நாசில், பம்ப் வேலைக்குத் தாராளமாகப் போகலாம். நாசில் ஒவ்வொன்றையும் என் கண்முன்னே பிரஷர் பார்த்து, ஒழுகியதை மாற்றினார்கள். பம்ப் டைமிங்கும் சரிசெய்தார்கள். அப்புறம்தான் புகை அடங்கியது, காலையில் ஹீட்டர் பிளக் போட்டதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பூச்சுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இதற்கு ஆகவில்லை.

முகூர்த்த நாட்களில் கூட்டம் அதிகம். காரை விட்டுவிட்டு வராமல், பம்ப் கழற்றும்போது கூடவே இருங்கள். அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள், டீயும் வாங்கித் தருவார்கள்.