பேட்டரி இருக்கிறது, ஆக்டிவ் இல்லை: பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார் தேடுகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆக்டிவ் (அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்ற சின்ன சர்க்யூட் உள்ளது) என்று சொல்லி, ஆக்டிவுக்கான விலையையும் வாங்கிக்கொண்டு, உள்ளே ப்ரீஆம்ப்பே இல்லாத ஒரு கிட்டாரை என் தலையில் கட்டினார்கள். விற்றது ஏதோ சந்துக்கடை இல்லை. ஏசி போட்டு, சுவர் முழுக்கக் கிட்டார் மாட்டி வைத்திருக்கிற கடை. பெயரை ஏன் போடவில்லை என்பது கீழே வரும்.

நான் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச். இந்த மேடைகளில் பேஸுக்கென்று தனி ஆம்ப் கிடைப்பது அபூர்வம். கேபிள் நேராக டிஐ பாக்ஸுக்கு (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) போகும், அங்கிருந்து மிக்ஸருக்கு. ஒரு மண்டபத்தில் கும்மென்று முழங்கிக் காதை அடைக்கும், அடுத்த மண்டபத்தில் பேஸ் இருக்கிற இடமே தெரியாது. ராஜா பாட்டில் பேஸ் கேட்கவில்லை என்றால் ஆடியன்ஸ் சும்மா விடுவார்களா? சவுண்ட்காரருக்குக் கை ஜாடை காட்டிக்கொண்டே வாசிப்பதைவிட, கிட்டாரிலேயே பேஸையும் (அடிச் சத்தம்) ட்ரெபிளையும் (மேல் சத்தம்) கூட்டிக் குறைக்க முடிந்தால் நிம்மதி. ஆக்டிவ் கேட்டுப் போனது அதற்காகத்தான்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பாஸிவ் கிட்டாரில் தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப், வால்யூம், டோன், அவ்வளவுதான் சரக்கு. டோன் நாபைத் திருப்பினால் ட்ரெபிள் குறையும். எதையும் கூட்ட அதனால் முடியாது. ஆக்டிவில் பிக்கப்புக்கும் ஜாக்குக்கும் நடுவே ஒரு சின்ன ப்ரீஆம்ப் போர்டு இருக்கும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். பேஸ், ட்ரெபிள், சிலவற்றில் மிட் எல்லாவற்றையும் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். சிக்னல் அங்கேயே வலுவாகி வெளியே வருவதால் நீளமான கேபிள் போட்டாலும் மேல் சத்தம் தேயாது.

கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு: "பாஸிவெல்லாம் பழைய மாடல் சார், இப்ப யாரு வாங்குறா? அதுல ஹம் வேற அடிக்கும்." இரண்டுமே தப்பு. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தது 1951-இல், ஜாஸ் பேஸ் 1960-இல். இரண்டும் பாஸிவ், இரண்டும் இன்றைக்கும் விற்கின்றன. அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனிப் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் பிரிசிஷன்தான். பேட்டரி போட்ட ப்ரீஆம்ப்போடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் பேஸ் மியூசிக் மேனின் ஸ்டிங்ரே, 1976-இல். அதிலும் பிக்கப் பாஸிவ்தான், ப்ரீஆம்ப் மட்டும் ஆக்டிவ். ஆக ஆக்டிவும் ஒன்றும் நேற்றுப் பிறந்த குழந்தை இல்லை. ஹம் என்கிற உம்மென்ற இரைச்சல் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் குணம். பிரிசிஷனில் 1957-இலிருந்தே இரட்டைச் சுருள் பிக்கப் இருப்பதால் பாஸிவாக இருந்தும் ஹம் அடங்கியிருக்கும். சிங்கிள் காயிலை ஆக்டிவ் ப்ரீஆம்ப்பில் கோர்த்தால், சீரியல் லைட்டின் இரைச்சலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

சரி, நம் கதைக்கு வருவோம். காட்டியது நாலு தந்தி, கருஞ்சிவப்பு பாடி, நல்ல ஜப்பான் கம்பெனியின் பழைய மாடல். கம்பெனிமேல் எந்தக் குறையும் இல்லை. நாலு நாப்: வால்யூம், இரண்டு பிக்கப்புக்கும் நடுவே மாற்ற ஒன்று, பேஸ், ட்ரெபிள். பின்பக்கம் பேட்டரி டப்பா. "ஆக்டிவ்தானே?" என்று நேராகவே கேட்டேன். "பக்கா ஆக்டிவ் சார்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே புதுப் பேட்டரியை உறை பிரித்துப் போட்டார். அதே கம்பெனியின் பாஸிவ் மாடல் பக்கத்தில் 22,000 ரூபாய்க்குத் தொங்கியது. இது 36,000.

அவர் வாசித்துக் காட்டிய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இப்படித்தான் காட்டுவார்கள். ஆம்ப்பில் பேஸை ஏற்கனவே முக்கால்வாசி ஏற்றி வைத்திருந்தார். ட்ரெபிள் நாபைக் குறைத்தார், சத்தம் மங்கியது. "பாத்தீங்களா?" அடுத்து பேஸ் நாபை இடது கையால் கூட்டிக்கொண்டே, வலது கையால் தடித்த தந்தியை, அதாவது ஈ தந்தியை, முன்னைவிட இரண்டு பங்கு ஓங்கி இழுத்தார். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. "லோ எண்ட் எப்படி வருது பாருங்க சார்!" நாபும் நடுவில் வரும்போது ஆக்டிவில் வருகிற மாதிரியே டக்கென்று நின்றது. கையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கிறவருக்கு அது ஆக்டிவ்தான்.

மேடையில்தான் வண்டவாளம் வெளியே வந்தது. நீளக் கேபிள் போட்டதும் சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிட்டது. சவுண்ட்காரர், "அண்ணே, ஆக்டிவ்னு சொன்னீங்க, லெவலே வரலையே, பேட்டரி போயிருக்கும் பாருங்க" என்றார். பேட்டரியை மாற்றினோம், ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பையன் கெட்டிக்காரன். பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப வாசிங்க" என்றான். அதே சத்தம். நிஜ ஆக்டிவாக இருந்தால் சில நொடிகளில் ஊமையாகியிருக்க வேண்டும்.

ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவர் பின்மூடியைக் கழற்றினார். போர்டு இருக்க வேண்டிய இடம் காலி. திருகு ஓட்டை மட்டும் இருந்தது. பேட்டரி கிளிப்பின் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் பாதியில் வெட்டப்பட்டு, ஆளுக்கொரு கறுப்பு டேப் சுற்றி ஓரமாக மடித்து வைத்திருந்தார்கள். பேஸ் நாபின் மூன்று கால்களிலும் ஒயர் இல்லை, பழைய ஈயம் மட்டும் பளபளத்தது. ட்ரெபிள் நாபில் ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்து, சாதாரண பாஸிவ் டோன் ஆக்கியிருந்தார்கள். அதுவும் ஒழுங்கான வேலை இல்லை. பாஸிவ் கிட்டாரில் டோனுக்கு 250 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் (நாபுக்கு அடியில் இருக்கும் பாகம்) போடுவது வழக்கம். இங்கே ப்ரீஆம்ப்புக்கென்று வந்த 50 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டரை அப்படியே விட்டிருந்தார்கள். முழுக்கத் திறந்து வைத்தாலும் ட்ரெபிள் அதன் வழியே கசிந்துகொண்டிருக்கும். நீளக் கேபிளோடு மங்கலுக்கு இதுவும் ஒரு காரணம். ஜாக்கையும் மாற்றியிருந்தார்கள். ஆக்டிவ் கிட்டாரில் ஸ்டீரியோ ஜாக் இருக்கும். கேபிளைச் செருகினால் பேட்டரி இணைப்பு கிடைக்கும், உருவினால் துண்டாகும். இதில் இருந்தது மோனோ.

போர்டு செத்துப்போனதைக் கழற்றுவது குற்றமில்லை. கழற்றினேன், இப்போது இது பாஸிவ் என்று சொல்லி 15,000-க்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். காலி டப்பாவில் புதுப் பேட்டரி போட்டுக் காட்டினாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கடைக்குத் திரும்பப் போனதும் பேச்சு மாறியது. முதலில், "அது பாஸிவ் மோடுல இருக்கும் சார்." மோடு மாற்ற சுவிட்ச்சே இல்லையே என்றதும், "நீங்க திறந்துட்டீங்க, இனிமே நாங்க பொறுப்பில்ல." கடைசியில் பெரிய மனது வைத்து, "எட்டாயிரம் குடுங்க, புது ப்ரீஆம்ப் போட்டுத் தர்றேன்." பில்லை எடுத்துப் பார்த்தால் 'பேஸ் கிட்டார், பழையது, 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஆக்டிவ் என்ற சொல் மருந்துக்கும் இல்லை. நல்லவேளை, வாங்கும் முன் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தின் கீழே 'ஆக்டிவ் பேஸ், ஃபுல் ஒர்க்கிங்' என்று அவரே எழுதியிருந்தார்.

அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என்று கடைக்கும் ஒரு செய்தி போட்டேன். பலருக்கும் தெரியாத விஷயம்: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்தச் செய்திக்குப் பிறகு ஃபோன் வந்தது. கிட்டாரை எடுத்துக்கொண்டு, 'பயன்படுத்திய கழிவு' என்று 5,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கூடவே, கடைப் பெயரை எங்கேயும் போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் வாங்கப் போனால் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்காரர் கையில் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள். ஆம்ப்பில் எல்லா நாபையும் நடுவில் வையுங்கள். கிட்டாரின் பேஸ் நாபை நடுவிலிருந்து கூட்டும்போது, தந்தியை ஒரே அழுத்தத்தில் மீட்டுங்கள், அப்போதும் அடிச் சத்தம் கூட வேண்டும். பிறகு ஆம்ப் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். குறைக்காவிட்டால் ஸ்பீக்கரில் டொம்மென்று அடிக்கும். ஆக்டிவ்/பாஸிவ் சுவிட்ச் இருந்தால் ஆக்டிவ் பக்கம் வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். கழற்றியபின் ஆம்ப்பைக் கூட்டி வாசித்தால் சத்தம் உடனே நிற்காது, போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் கரகரத்து அடங்கும். அடங்கவில்லை என்றால் அது ஆக்டிவ் இல்லை. பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். பில்லில் 'ஆக்டிவ், ப்ரீஆம்ப் வேலை செய்கிறது' என்று எழுதச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் பேஸுக்கு ஆக்டிவே தேவையில்லை. நல்ல பாஸிவ் வாங்கி, வெளியே ஒரு ப்ரீஆம்ப் பெடல் சேர்த்தால் அதே கூட்டல் குறைத்தல் கைக்கு வந்துவிடும். பேட்டரி நடுக்கச்சேரியில் காலை வாராது. நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.

கடைசியாக, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். போன வாரம் அதே கிட்டார் விற்பனை விளம்பரத்தில் மறுபடி வந்திருக்கிறது. 'ஆக்டிவ் பேஸ்', 38,000 ரூபாய். கடைப் பெயரைத்தான் சொல்லக் கூடாது, கிட்டாரின் அடையாளத்தைச் சொல்லலாம் இல்லையா? கருஞ்சிவப்பு பாடி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் நெக்கில் நகம் அளவுக்கு ஒரு சிராய்ப்பு, பின்மூடியில் ஒரு திருகு மட்டும் கறுப்பு, மற்றவை வெள்ளி. உள்பக்கப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. இதற்கு விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன்.