ஃபெட் சிமுலேஷன்களோடு ஆறு வருடம்

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஆறு வருடமாக வகுப்பில் ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது சோதனைகளைத் திரையில் நாமே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் மென்பொருள்களை, பயன்படுத்தி வருகிறேன். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த வருடமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. காசு கிடையாது, செல்போனிலும் ஓடும். இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டும் தேவையில்லை. சிலவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம்.

முதல் வருடம் நான் பயன்படுத்திய விதம் தவறு. எறிபொருள் பாடம் தொடங்கியதுமே சிமுலேஷனில் குண்டு சுடும் பீரங்கியைத் திரையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் அடுத்த வாரத் தேர்வில் கிடைத்தள நெடுக்கக் கணக்கை (குண்டு எவ்வளவு தூரம் தள்ளி விழும் என்பதை) பாதிப் பேர் தொடவே இல்லை.

அப்புறம் வரிசையை மாற்றினேன். முதலில் நோட்டில் கணக்கு, பிறகுதான் திரை. 15 மீ/வி வேகத்தில் 30 பாகைக்கும் 60 பாகைக்கும் நெடுக்கம் எவ்வளவு? இரண்டுக்கும் 19.9 மீட்டர் வரும். எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று பலர் அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள். அந்த நேரத்தில் சுட்டுக் காட்ட வேண்டும். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அடுத்து காற்றுத்தடையை டிக் செய்தால், 60 பாகைக் குண்டு மற்றதைவிடக் குறைந்த தூரத்திலேயே விழுந்துவிடும். சூத்திரம் எதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை என்று அப்போது அவர்களே கேட்கிறார்கள். சுடுவதற்கு முன் பீரங்கியின் உயரம் சுழியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைமேல் இருந்தால் இரண்டு விடையும் ஒன்றாக வராது.

எனக்கு மிகவும் பிடித்தது அடர்த்தி சிமுலேஷன். பனிக்கட்டி தண்ணீரில் எவ்வளவு மூழ்கும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்வேன். 92% என்று கணக்கு சொல்லும், திரையும் அதையே காட்டும். அங்கிருந்து நேராக மலைக்குப் போய்விடுவேன். பூமியின் மேலோட்டின் அடர்த்தி 2700, அதற்கு அடியில் இருக்கும் பாறை அடுக்கான கவசத்தின் அடர்த்தி 3300 கி.கி./மீ³ என்று வைத்துக்கொண்டால், மலையும் ஒரு மிதக்கும் கட்டிதான்.

"சார், அப்போ மலைக்குக் கீழேயும் மலை இருக்குமா?" என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்.

"போட்டுப் பாரும்மா" என்றேன். 5 கி.மீ. உயர மலைக்கு 22.5 கி.மீ. வேர், அதாவது கவசத்துக்குள் மூழ்கியிருக்கும் பகுதி, வந்தது. விடையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் நோட்டை நீட்டினாள்.

இந்தக் கணக்குக்கு நம் ஊரிலேயே ஒரு தொடக்கம் உண்டு. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் பிரிட்டிஷ் அளவையாளர் லாம்ப்டன் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட முதலில் அளக்கும் நேர்கோடு) அளந்து தொடங்கிய நில அளவை, பின்னாளில் இமயமலைப் பக்கம் போனது. அவ்வளவு பெரிய மலை தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்க வேண்டுமோ, அவ்வளவு இழுக்கவில்லை. அடர்த்தி குறைந்த வேர் கீழே ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பிரிட்டிஷ் வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) 1855-இல் விளக்கம் சொன்னார்.

இந்த வருடம் இன்னொரு கணக்கும் சேர்த்திருக்கிறேன். மழையும் ஆறும் மலையின் மேலே 1 கி.மீ. அரித்துவிட்டால் உயரம் எவ்வளவு குறையும்? முதலில் எல்லோரும் 1 கி.மீ. என்றே எழுதினார்கள். பாரம் குறைந்ததும் வேர் மேலெழும் என்பதைச் சேர்த்துப் போட்டபோது வந்தது சுமார் 180 மீட்டர்.